பூட்டும் சாவியும் நம் கையிலே

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

நாமக்கல் என்றவுடன் வெளியூரார் நினைவுக்கு வருபவை முட்டையும் லாரியும் ஆகும். எங்கள் குடும்பம் லாரியை நம்பி வாழும் குடும்பம். அப்பாவிடம் இரண்டு லாரிகள் உள்ளன. அவற்றின் பின்புறத்தில் வண்டி எண்ணும், அதன் கீழே அப்பாவின் கைபேசி எண்ணும் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். லோடு தருபவர்கள் எளிதில் அழைப்பதற்காக அவ்வாறு எழுதி வைப்பது எங்கள் ஊர் வழக்கம். அதே எண் ஒருநாள் எங்கள் வீட்டிற்குத் துன்பத்தையும் அழைத்து வரும் என்று நாங்கள் எண்ணவே இல்லை.

அன்புத் தோழியரே! இன்று விஞ்ஞானம் நம் வீட்டு அடுப்படி வரை வந்துவிட்டது. காய்கறிக்காரம்மாவின் தள்ளுவண்டியிலும் பணம் செலுத்தும் கட்டப் படம் ஒட்டப்பட்டிருக்கிறது. சுங்கச்சாவடியில் லாரி நின்று சில்லறை எண்ணிய காலம் போய், கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் வில்லையே கட்டணத்தைச் செலுத்திவிடுகிறது. இவ்வசதிகளால் நாம் பெற்ற நன்மை பெரிது. ஆனால் வசதி நுழைந்த வாசல் வழியே திருடனும் நுழைய முடியும். அவ்வாறு அவன் எங்கள் வீட்டில் நுழைந்ததையும், அதன்பின் நான் கற்றதையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன்.

நான் செய்த பிழை

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு மறுநாள். அப்பாவின் கைபேசிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. எங்கள் வண்டி எண்ணைச் சரியாகக் குறிப்பிட்டு, “உங்கள் வாகனம் போக்குவரத்து விதியை மீறியுள்ளது. அபராத விவரம் அறிய இச்செயலியைத் திறக்கவும்” என்று எழுதியிருந்தது. அரசு முத்திரை போன்ற படமும் இருந்தது. அப்பா பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றுகளை அவிழ்த்துக் கொண்டிருந்தார். “என்னன்னு பாரு கண்ணு” என்று கைபேசியை என்னிடம் கொடுத்தார்.

வீட்டில் கைபேசி நன்கு தெரிந்தவள் நான்தான் என்ற பெருமை எனக்கு உண்டு. செயலியைத் தொட்டேன். “அறியாத இடத்திலிருந்து வந்ததை நிறுவலாமா?” என்று கைபேசி கேட்டது. சம்மதித்தேன். “குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதிக்கலாமா?” என்றது. அதற்கும் சம்மதித்தேன். பிறகு, சரிபார்ப்பதற்காக ஒரு ரூபாய் செலுத்துமாறு கூறி வங்கி அட்டையின் எண்களைக் கேட்டது. அட்டை கைபேசி உறைக்குள்ளேயே இருந்தது. அதன் பின்புறமுள்ள மூன்று இலக்க எண் வரை அனைத்தையும் நானே பதித்தேன். திரை சற்று நேரம் சுற்றிவிட்டு மறைந்துவிட்டது. “ஒண்ணும் இல்லீங்கப்பா” என்று கூறிவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

மாலையில் கைபேசியை எடுத்தபோது, கணக்கிலிருந்து 9,800 ரூபாய் எடுக்கப்பட்டதாக வங்கியின் செய்தி ஒன்று இருந்தது. என் கைகள் நடுங்கின. காலையில் நான் செய்ததுதான் காரணம் என்று உடனே புரிந்தது. ஆனால் அப்பாவிடம் சொல்ல அஞ்சினேன். காலையில் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டு படுத்துவிட்டேன். விடிவதற்குள் இன்னும் 18,000 ரூபாயும் 18,700 ரூபாயும் போய்விட்டன. ஆக மொத்தம் 46,500 ரூபாய். டிரைவர் அண்ணன்களுக்கும் கிளீனர் அண்ணனுக்கும் தீபாவளி போனஸ் கொடுப்பதற்காக அப்பா சேர்த்து வைத்திருந்த பணம் அது.

மாமாவின் விளக்கம்

என் தாய்மாமா பெங்களூரில் ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணிபுரிகிறார். பிற நிறுவனங்களின் கணினிகளைத் திருடரிடமிருந்து காப்பதே அவருடைய வேலை. விடுமுறைக்கு எங்கள் வீட்டிற்கு வந்திருந்த அவர், முதல் வேலையாக 1930 என்ற எண்ணை அழைக்கச் செய்தார். இணையவழிப் பண மோசடியைத் தெரிவிப்பதற்காக மத்திய அரசு நாடு முழுவதற்கும் அமைத்துள்ள உதவி எண் இது. வங்கிக்கும் தெரிவித்து அட்டையை முடக்கினார்கள். அதன் பின்னரே மாமா என்னை அருகில் அமர்த்திப் பேசினார்.

“ஏனுங்க மாமா, நம்ம வண்டி நம்பர் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

மாமா சன்னல் வழியே லாரியைக் காட்டினார். “நாமளே எழுதி ஊர் ஊராச் சுத்தவிட்டிருக்கமே கண்ணு!” என்றார்.

மோசடி செய்பவன் பெரிய மேதையாக இருக்க வேண்டியதில்லை என்று அவர் விளக்கினார். வண்டி எண்ணும் கைபேசி எண்ணும் தெரிந்தாலே உண்மை போன்ற ஒரு செய்தியை எழுதிவிடலாம். வங்கியில் பணம் எடுக்க இரண்டு சாவிகள் வேண்டும். அட்டையின் எண்கள் முதல் சாவி. ஒவ்வொரு முறையும் வங்கி அனுப்பும், சில நிமிடங்களே செல்லுபடியாகும் ஓ.டி.பி. எண் இரண்டாவது சாவி. முதல் சாவியை நான் என் கையால் எழுதிக் கொடுத்தேன். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதித்ததால் இரண்டாவது சாவியை அந்தச் செயலியே எடுத்துக்கொண்டது. யாரும் தொலைபேசியில் அழைத்து ஓ.டி.பி. கேட்கவில்லை. நாங்களும் யாரிடமும் சொல்லவில்லை. ஆயினும் அது போய்விட்டது.

“பூட்டை யாரும் உடைக்கலை. கதவைத் தொறக்கலாமான்னு மூணு தடவை கேட்டான். மூணு தடவையும் நீ சரின்னு சொல்லிட்ட” என்றார் மாமா. அச்சொல் என் நெஞ்சில் தைத்தது.

இலவசத்தின் விலை

நம் கைபேசியில் உள்ள செயலிகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. இலவசமாகத் தருபவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் விளம்பரத்திலிருந்து வருகிறது. நாம் எங்கே செல்கிறோம், எதை விரும்புகிறோம் என்பது தெரிந்தால் விளம்பரத்திற்கு மதிப்புக் கூடுகிறது. கைபேசியை டார்ச் விளக்காக மாற்றும் ஒரு செயலியைக் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தி வந்தனர். அது பயன்படுத்துவோரின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்குத் தந்து வந்ததாக, நுகர்வோர் நலன் காக்கும் அமெரிக்க அரசு ஆணையம் 2013-ஆம் ஆண்டில் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. விளக்கு எரிவதற்கு நாம் நிற்கும் இடம் எதற்கு?

ஆகவே ஒரு செயலி எதைக் கேட்டாலும், “உன் வேலைக்கு இது தேவையா?” என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். வரைபடச் செயலிக்கு இருப்பிடம் தேவை. ஓவியம் வரையும் செயலிக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை. எங்கள் மாமா கணினித் துறையில் இருந்தும், அவர் வீட்டில் குரல் கேட்டுப் பதில் சொல்லும் ஒலிபெருக்கி இல்லை. சமையற்கட்டைப் பார்த்தவனுக்கு எந்தப் பண்டத்தை உண்ணலாம் என்று தெரியும் அல்லவா?

கடவுச்சொல்லும் கணக்குப் பாடமும்

கடவுச்சொல்லின் வலிமையை நம் கணக்குப் பாடத்தைக் கொண்டே அறியலாம். நான்கு இலக்க எண்ணில் 10,000 வகைகளே உண்டு. ஆறு இலக்கமானால் 10 லட்சம். ஆங்கிலச் சிறிய எழுத்துகள் எட்டினைச் சேர்த்தால் ஏறத்தாழ 20,882 கோடி வகைகள் கிடைக்கும். மேலும் ஓர் எழுத்தைக் கூட்டினால் அது 26 மடங்காகும். மனிதனுக்கு இது பெரிய எண். வேகமான கணினிக்கு எட்டு எழுத்து போதாது. அதனால்தான் நீளமான கடவுச்சொல் நல்லது என்கிறார்கள். பிறந்த நாள், தம்பி பெயர், வண்டி எண் ஆகியவை ஊருக்கே தெரிந்தவை. அவை பூட்டாகா.

நல்ல நிறுவனங்கள் நம் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. அதை ஒரு கணித முறையால் வேறொரு நீண்ட குறியீடாக மாற்றி, அக்குறியீட்டை மட்டுமே வைத்துக்கொள்வார்களாம். நாம் மறுமுறை கடவுச்சொல்லைப் பதிக்கும்போது, அதையும் அவ்வாறே மாற்றி இரண்டும் ஒன்றா என்று பார்ப்பார்கள். “முட்டையிலிருந்து ஆம்லெட் போடலாம். ஆம்லெட்டிலிருந்து முட்டையைத் திரும்ப எடுக்க முடியுமா?” என்று மாமா கேட்டார். நாமக்கல் பெண்ணுக்கு இதைவிட நன்றாக யாரும் விளக்க முடியாது!

பிறர் கையில் உள்ள நம் செய்திகள்

நாம் எவ்வளவு கவனமாக இருந்தாலும், நம்மைப் பற்றிய செய்திகள் பள்ளி, மருத்துவமனை, வங்கி, காப்பீட்டு நிறுவனம் எனப் பலரிடம் உள்ளன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் 2024-ஆம் ஆண்டில் திருடப்பட்டன. மருத்துவ அறிக்கைகள் உட்படப் பலவும் டெலிகிராம் செயலியில் கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும்படி வைக்கப்பட்டிருந்ததை அவ்வாண்டு செப்டம்பரில் செய்தித்தாள்கள் வெளியிட்டன. தன்னிடம் 3 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் இருப்பதாகத் திருடியவன் கூறிக்கொண்டான். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி இடைக்காலத் தடை பெற்றது. கடவுச்சொல்லையாவது மாற்றிக்கொள்ளலாம். நமக்கு வந்த நோயை மாற்ற முடியுமா? வெளியான பிறகு அதை எப்படி மறைப்பது?

இதற்குச் சட்டமும் துணை நிற்க வேண்டும். அந்தரங்கம் ஒவ்வொரு குடிமகனின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வழக்கைத் தொடுத்தவர் கே.எஸ். புட்டசாமி என்னும் ஓய்வு பெற்ற நீதிபதி. வழக்குத் தொடுத்தபோது அவர் எண்பது வயதைக் கடந்தவர். 2023-ஆம் ஆண்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவை படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டுள்ளன. விவரங்களைக் காக்கத் தவறும் நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அச்சட்டத்தில் இடமுண்டு. 18 வயது நிறையாதவரின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றும் அது கூறுகிறது. அப்படியானால் நம் வகுப்பில் உள்ள அனைவரும் அச்சட்டத்தின்படி குழந்தைகளே!

நாம் செய்ய வேண்டுவன

மாமா கூறியவற்றைச் சுருக்கி, என் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

1. செய்தியில் வரும் செயலியை நிறுவக் கூடாது. அபராதம், மின்கட்டணம், வங்கி என்று எப்பெயரில் வந்தாலும், அந்த அலுவலகத்தின் இணையதளத்தை நாமே தேடிச் சென்று பார்க்க வேண்டும். மத்திய அரசின் போக்குவரத்துத் துறைத் தளத்தின் முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடியும்.

2. கைபேசி அனுமதி கேட்கும்போது, படித்துப் பார்க்காமல் சம்மதிக்கக் கூடாது. பத்து விநாடி பொறுத்தால் பல்லாயிரம் ரூபாய் தப்பும்.

3. அன்றாடச் செலவுக்கு ஒரு சிறு கணக்கைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். சேமிப்புக் கணக்கின் அட்டையைக் கைபேசி உறையில் வைக்கக் கூடாது.

4. பழைய கைபேசியை விற்குமுன் அதிலுள்ள கணக்குகளிலிருந்து வெளியேறி, அனைத்தையும் அழித்து, சிம் அட்டையை எடுத்துவிட வேண்டும்.

5. தவறு நேர்ந்துவிட்டால் அந்த நிமிடமே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். 1930-ஐ அழைக்க வேண்டும்.

இவற்றுள் ஐந்தாவதே தலையாயது என்பேன். திருடப்பட்ட பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கிற்கு விரைந்து ஓடும். ஓடி முடிவதற்குள் புகார் சென்றால் வங்கிகள் இடையில் நிறுத்தி வைக்க முடியும். எங்கள் பணத்தில் 11,200 ரூபாய் மட்டும் அவ்வாறு நிறுத்தப்பட்டு, சில மாதங்களுக்குப் பின் திரும்பக் கிடைத்தது. அன்று மாலையே நான் வாய் திறந்திருந்தால் பின்னால் போன இரண்டு தொகைகளும் போயிருக்க மாட்டா. அட்டையின் எண் மறைக்க வேண்டியது, அதை மறைக்கவில்லை. என் பிழை மறைக்கக் கூடாதது, அதை மறைத்தேன்.

அப்பா என்னை அடிக்கவில்லை. “இரண்டு லாரியை ஓட்டுறவன் நானு. எத்தனை தடவை தப்பான ரோட்டில போயிருப்பேன்! தப்புன்னு தெரிஞ்சதும் வண்டியைத் திருப்பணும், கண்ணு. இருட்டுக்குள்ளயே ஓட்டிட்டுப் போகக் கூடாது” என்றார். அம்மா தன் வளையல் ஒன்றை அடகு வைத்தார். தீபாவளிக்கு முன் அண்ணன்கள் மூவருக்கும் போனஸ் குறையாமல் கொடுக்கப்பட்டது. அந்த வளையல் இன்று அம்மாவின் கையில் மீண்டும் இருக்கிறது. ஆனால் அது இல்லாதிருந்த நாட்களில் அம்மா பரிமாறிய கையை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

பெற்றோர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் என் பணிவான வேண்டுகோள் ஒன்று. எங்களில் ஒருத்தி நடுங்கிக்கொண்டு வந்து இப்படி ஒரு பிழையைச் சொன்னால், முதலில் தொலைபேசியை எடுங்கள். கடிந்துகொள்வதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தோழியரே, நீங்களும் அஞ்சாமல் சொல்லுங்கள். திருடன் நம் அறியாமையை மட்டும் நம்பி வருவதில்லை. நம் அச்சத்தையும் வெட்கத்தையும் நம்பியே வருகிறான். அவற்றை நாம் விட்டொழித்தால் பூட்டும் சாவியும் நம் கையிலேயே இருக்கும்.