நடை பழகும் பிள்ளையும் கடற்பயணமும்



விருதுநகர் மாவட்டம் கடற்கரை இல்லாத மாவட்டம். எங்கள் காரியாபட்டியில் ஒரு பிள்ளை கடலைக் காண வேண்டுமானால் தூத்துக்குடிக்கோ இராமேசுவரத்துக்கோ பஸ் ஏறியாக வேண்டும். அப்படிப்பட்ட ஊரிலும் இன்று கப்பற் பயணம் பற்றி மஸ்அலா கேட்கிறார்கள். கேட்பது ஹஜ்ஜுக் கப்பலைப் பற்றியன்று. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குச் சென்று வந்த ஹஜ்ஜுக் கப்பல் 1995-உடன் நின்று போயிற்று. பினாங்குக்குப் பிழைக்கப் போனவர்களை ஏற்றிச் சென்ற 'ரஜூலா'வும் 1973-இல் ஓய்ந்து விட்டது. நம் முன்னோர் பச்சிளம் பிள்ளைகளைத் தோளில் சுமந்து அந்தக் கப்பல்களில் ஏறினார்கள் என்றால் அது தேவைக்காக. இன்று கேட்கப்படுவது உல்லாசக் கப்பல்.

2022 ஜூன் 4 அன்று 'எம்பிரஸ்' என்னும் சொகுசுக் கப்பலின் பயணத்தைச் சென்னைத் துறைமுகத்தில் தமிழக முதலமைச்சர் தொடங்கி வைத்தார். 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கும் புறப்பட்டது. அது முதல் வசதியுள்ள நம் குடும்பங்களிலும் இந்த ஆசை முளைத்திருக்கிறது. "ஒன்றரை வயதுப் பிள்ளையைக் கூட்டிக் கொண்டு போகலாமா? தொழுகை என்னாகும்?" என்று வினவுகிறார்கள். அதையே இம்மாதப் பாடமாக எடுத்துக் கொள்வோம்.

கடலில் பயணம் செய்வது அடிப்படையில் ஆகுமானது. கப்பல் நீரைப் பிளந்து செல்வதை அல்லாஹுதஆலா தன் அருட்கொடைகளில் ஒன்றாகத் திருமறையில் பல இடங்களில் எடுத்துக் காட்டுகின்றான். தம் உம்மத்தினர் அரியணையில் வீற்றிருக்கும் அரசரைப் போலக் கடலில் செல்வதைக் கனவில் கண்டு நாயகம் (ஸல்) அவர்கள் புன்முறுவலுடன் விழித்தார்கள் என்றும், அக்கூட்டத்தில் தாமும் சேர வேண்டுமென்று உம்மு ஹராம் (ரலி) அவர்கள் துஆச் செய்யக் கேட்டார்கள் என்றும் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. அவ்வாறே அந்த அம்மையார் தம் கணவர் உபாதா (ரலி) அவர்களுடன் சைப்ரஸ் தீவுக்குக் கடல் கடந்து சென்றார்கள். கடல் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. கரையிறங்கிய பின் வாகனப் பிராணியிலிருந்து விழுந்தே ஷஹீதானார்கள். கப்பற் பயணத்தில் ஏறும் வேளையும் இறங்கும் வேளையும் எவ்வளவு கவனத்துக்குரியவை என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டியதில்லை.

ஆனால் பெரியவர் தம் விருப்பப்படி போவது வேறு. வாய் பேசத் தெரியாத பிள்ளையைக் கொண்டு போவது வேறு. பிள்ளையிடம் சம்மதம் கேட்க முடியாது. ஆகவே அதன் சார்பில் ஷரீஅத்து பேசுகிறது. எங்கே பேசுகிறது என்கிறீர்களா? அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனத்தில்!

பாலூட்டும் காலம் பற்றிய வசனம் அது. இரண்டாண்டு முழுமைக்கு முன் பாலை மறக்கடிக்க நாடினால், தாயும் தந்தையும் மனமொப்பி, ஒருவரையொருவர் கலந்து கொண்டே செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. சிந்தித்துப் பாருங்கள்! பிள்ளையின் வாயிலிருந்து பாலை எடுப்பதற்கே இருவரின் ஆலோசனை வேண்டும் என்றால், அதனைக் கரை தெரியாத நீரின் மேல் கொண்டு போய் வைப்பதற்கு எவ்வளவு ஆலோசனை வேண்டும்! "டிக்கெட் எடுத்தாயிற்று, புறப்படு" என்று மனைவியிடம் சொல்லும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதே வசனத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளையை முன்னிட்டுத் தாய்க்கு இடர் விளைவிக்கலாகாது, தந்தைக்கும் விளைவிக்கலாகாது. நாம் பார்த்த வரையில், குடும்பத்தோடு உல்லாசம் போய்த் திரும்புகிறவர்களில் ஆண்கள் களைப்பு நீங்கி வருகிறார்கள். பெண்கள் களைத்து வருகிறார்கள். வீட்டில் அடுப்படியும் பிள்ளையும் என்றிருந்தவளுக்கு அங்கே அடுப்படி மட்டும் குறைகிறது. பிள்ளையோ பழகாத இடத்தில் இரு மடங்காகிறது. மூன்று வயது நிறையாத பிள்ளைகளைத் தாய் தகப்பன் உடனில்லாமல் குழந்தைகள் கூடத்தில் விட்டுச் செல்ல இத்தகைய கப்பல்களில் பெரும்பாலும் இடமில்லை. பல கப்பல்களில் டயபர் கட்டிய பிள்ளையை நீச்சல் குளத்தில் இறக்கவும் விடுவதில்லை. ஆக, பிள்ளை பகல் முழுவதும் யாரோ ஒருவர் இடுப்பில்தான் இருக்கப் போகிறது. அந்த இடுப்பு எப்பொழுதும் தாயின் இடுப்பாகவே இருக்குமானால், அந்தப் பயணம் இவ்வசனத்துக்கு முன் நிற்காது என்பதே நம் கருத்து.

பருவம்

நம் பகுதிக்கே உரிய ஒரு சங்கடம் இதில் உண்டு. சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசுத் தொழிலைச் சார்ந்தவர்களுக்கு ஓய்வு கிடைப்பது தீபாவளி முடிந்தபின் ஆலைகள் மூடிக் கிடக்கும் வாரங்களில்தான். கையில் பணமும் இருக்கும், நேரமும் இருக்கும். ஆனால் அது ஐப்பசி, கார்த்திகை. வங்காள விரிகுடாவில் புயல்கள் உருவாகும் காலம். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22-23 இரவில் அடித்ததை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14-இல் தொடங்கிய பயணிகள் கப்பலை ஒரு வாரத்துக்குள் நிறுத்தினார்கள். வடகிழக்குப் பருவமழையே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மறுபடியும் அது ஓடியது 2024 ஆகஸ்டில்.

கடல் கொந்தளிக்கும்போது அதில் ஏறுகிறவனைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகச் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்குரிய பாதுகாப்புப் பொறுப்பு நீங்கி விட்டது என்பது அதன் பொருள். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் அல்அதபுல் முஃப்ரத் நூலில் அது பதிவாகியுள்ளது. கப்பல் பெரிது, கருவிகள் உண்டு, புயல் வந்தால் பாதையை மாற்றுவார்கள் என்பதெல்லாம் உண்மையே. பெரிய கப்பல் எளிதில் மூழ்குவதில்லை என்றாலும் ஆடாமல் இருப்பதில்லை. ஆடும் தரையில் விழுந்து விழுந்து எழும் வயது நம் பிள்ளைக்கு. எனவே இந்த வாரங்களில் பிள்ளையோடு புறப்பட வேண்டாம் என்றே நாம் சொல்வோம். தை பிறந்து கடல் அடங்கியபின் விடுப்புக் கிடைக்குமா என்று பாருங்கள்.

கைப்பிடிச் சுவர்

அதே ஹதீஸில் கடலோடு சேர்த்து மற்றொன்றையும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். தடுப்புச் சுவரில்லாத மொட்டை மாடியில் உறங்குகிறவனுக்கும் அதே நிலைதான். இந்தப் பகுதியை இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்களும் அறிவித்துள்ளார்கள். மாடியும் கடலும் ஒரே ஹதீஸில் இணைந்திருப்பதை ஓதும்போது, பல தளங்கள் கொண்ட இக்காலக் கப்பலைப் பற்றியே சொன்னது போலத் தோன்றுகிறது.

கப்பலில் தடுப்பு உண்டு. அது நிற்கும் மனிதனுக்காக வைத்தது. பெரியவர் ஒருவர் பிள்ளையைத் தூக்கிக் காட்டினால், தடுப்பு பிள்ளையின் காலுக்குக் கீழே போய் விடுகிறது. 2019-இல் அயல்நாட்டுக் கப்பல் ஒன்றில் பதினோராம் தளத்தில், ஒன்றரை வயதுப் பிள்ளையைச் சொந்த வீட்டுப் பெரியவரே சாளரத்தருகே தூக்கி நிறுத்தினார். சாளரம் திறந்திருந்தது. பிள்ளை விழுந்து மரணமடைந்தது. கப்பல் அப்பொழுது நடுக்கடலில் இல்லை, துறைமுகத்தில் நின்றிருந்தது. அந்தப் பெரியவர் கொடியவரல்லர். பாசத்தினால்தான் தூக்கினார்.

பட்டாசு அறையில் நான்கு பேருக்கு மேல் அமர்ந்து வேலை செய்யலாகாது என்று விதி இருக்கிறது. அது ஏன் என்று நம் பகுதி மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அது போலவே இதற்கும் விதி வகுத்துக் கொள்ளுங்கள். தடுப்பருகே பிள்ளையைத் தோளிலோ கைப்பிடி மீதோ ஏற்றக் கூடாது. அறைக்குப் பால்கனி இருந்தால் அதன் கதவைத் தாழிட்டே வைக்க வேண்டும்; நாற்காலியைத் தடுப்பின் ஓரம் போடக் கூடாது. மஃரிபு நெருங்கியதும் பிள்ளையை உள்ளே கொண்டு வந்து விடுங்கள். இரவு கவியும் வேளையில் பிள்ளைகளை வெளியே விடாது தடுத்துக் கொள்ளும்படி புகாரீ, முஸ்லிமில் வந்திருக்கும் கட்டளை தரைக்கு மட்டும் உரியதன்று.

பயணம் வேதனையின் ஒரு துண்டு. அது மனிதனின் உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுக்கிறது என்பது நபிமொழி. அந்த மூன்றும் அன்றோ குழந்தையின் வாழ்க்கை! ஆகவே வீட்டில் உண்ணும் நேரம், உறங்கும் நேரம் எதுவோ அதையே கப்பலிலும் காப்பாற்றுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கடற் குமட்டல் பெரும்பாலும் வருவதில்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதற்கு மேல் பன்னிரண்டு வரையுள்ளவர்களுக்கே அதிகம். பெரியவர் போடும் குமட்டல் மாத்திரையை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுத்து விடாதீர்கள். வாந்தியும் பேதியும் கப்பல்களில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு விரைவில் பரவும். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். இதைப் பரப்பும் கிருமி வாசலில் வைத்திருக்கும் கைம்மருந்துத் திரவத்துக்குச் சரியாக அடங்குவதில்லை. சோப்பும் தண்ணீருமே நல்லது. ஆறு மாதம் நிறையாத பிள்ளைகளை ஏற்றுவதில்லை என்று உலகின் பெரிய கம்பெனிகள் பல விதி வைத்துள்ளன. விதி இல்லாத கப்பலாயினும் அதைக் கைக்கொள்வது உத்தமம்.

தொழுகை

இனி, பெரும்பாலோர் கேட்பதற்கு வருவோம். ஊரின் எல்லையைத் தாண்டியதும் கஸ்ரு தொடங்குகிறது. காரியாபட்டியிலிருந்து சென்னையே கஸ்ருடைய தூரத்துக்கு மேல். லுஹர், அஸர், இஷா ஆகியவை இரண்டிரண்டு ரக்அத்தாகும். ஸுபுஹும் மஃரிபும் மாறா. ஹனபிகளுக்கு இது வாஜிபு. ஷாபிஈ சகோதரர்கள் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் ஒரே வேளையில் சேர்த்துத் தொழலாம். ஹனபிகளுக்கு அந்தச் சேர்ப்பு இல்லை; என்றாலும் லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் முதல் நேரத்திலும் அடுத்தடுத்துத் தொழுது கொள்ளலாம். பிள்ளை பகலில் உறங்கும் நேரத்தோடு இதைப் பொருத்திக் கொண்டால் தாய்க்கு எவ்வளவு இலேசு!

கப்பலில் நின்றே தொழ வேண்டும். தலைசுற்றி விழுந்து விடுவோம் என்றிருந்தால் அமர்ந்து தொழலாம். சென்னைக்கு நேரே கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும். கப்பல் திரும்புவது தெரிந்தால் தொழுகிறவரும் கிப்லாவின் பக்கம் திரும்பிக் கொள்ள வேண்டும். ஜும்ஆ பயணிக்குக் கடமையில்லை.

பிள்ளை மடியேறி விடுகிறதே என்று தொழுகையை விட்டு விடும் தாய்மார்களுக்குச் சொல்கிறோம்: நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுதிருக்கிறார்கள். ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கி விடுவார்கள், எழும்போது தூக்கிக் கொள்வார்கள். பேரப்பிள்ளை முதுகில் ஏறியபோது அது இறங்கும் வரை ஸுஜூதை நீட்டியதாக நஸயீயில் வருகிறது. பிள்ளையின் அழுகை கேட்டால், தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக் கொள்வார்கள். பிள்ளையும் தொழுகையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நஜீஸான டயபருடன் தூக்கி வைத்துத் தொழக் கூடாது, அவ்வளவுதான். மாற்றி விட்டுத் தொழுங்கள். பால் மட்டுமே குடிக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தையின் சிறுநீருக்குத் தண்ணீர் தெளித்தால் போதும் என்பது ஷாபிஈ மத்ஹபு. ஹனபிகள் கழுவ வேண்டும். சோறு தின்னும் பிள்ளையானால் இரு மத்ஹபிலும் கழுவியே ஆக வேண்டும். வாய் நிறைய எடுத்த வாந்தி பட்டாலும் அப்படியே. எனவே தாயின் தொழுகைத் துப்பட்டியையும் ஒரு ஜோடி உடையையும் தனிப் பையில் கட்டி, பிள்ளையின் கைக்கு எட்டாமல் வையுங்கள். இதைவிட எளிய வழி ஒன்றுண்டு: அத்தா தொழும்போது அம்மா பிள்ளையை வைத்துக் கொள்வது, அம்மா தொழும்போது அத்தா வைத்துக் கொள்வது. முதல் பாதியைச் செய்ய யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

செலவைப் பற்றிச் சுருக்கமாக. குடும்பத்துக்குச் செலவிடுவது நன்மையே. கடன் வாங்கி உல்லாசம் போவது நன்மையன்று. மேலே சொன்ன சென்னைக் கப்பலில் சூதாட்டக்கூடம் இருப்பதாக எழுந்த பேச்சினால் 2022-இல் புதுச்சேரியில் அது துறை சேர எதிர்ப்புக் கிளம்பியதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். மது புழங்கும் விருந்தில் அமரலாகாது என்பது ஹதீஸ். அத்தகைய கூடங்களின் பக்கம் போகாமல், தனி மேசையில் உண்டு, அறையோடும் மேல்தளத்தோடும் நிற்க முடியுமானால் போங்கள். முடியாது என்று தோன்றினால் வேறு கப்பலைப் பாருங்கள். இறைச்சி ஹலாலா என்று தெரியாதபோது மீனும் முட்டையும் காய்கறியும் போதும்.

ஹூது அத்தியாயத்தின் 41-ஆம் வசனத்தில் நூஹ் நபி (அலை) அவர்கள் கப்பலேறும்போது சொன்ன சொற்கள் உள்ளன. புறப்படும் முன் வீட்டிலேயே மனனம் செய்து கொள்ளுங்கள். பயணியின் துஆவும், பிள்ளைக்காகப் பெற்றவர் கேட்கும் துஆவும் தட்டப்படாதவை என்று வந்துள்ளது. கப்பலில் நீங்கள் இரண்டுமாக இருக்கிறீர்கள்.

திரும்பி வருகையில் ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் கஸ்ரு முடிந்து விடும். பஸ்ஸிலிருந்து இறங்கி இஷாவை வீட்டில் தொழுதால் நான்கு ரக்அத்தே. கடலில் தவறிப் போன தொழுகையை வீட்டில் களாச் செய்கிறவர் ஹனபியானால் இரண்டாகவும், ஷாபிஈயானால் நான்காகவும் தொழ வேண்டும். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.