முதலில் அந்தத் தாளைக் கேள்

திருச்சி

அன்புள்ள மருமகள் ஜெசிக்கு,

சட்ட உதவி வக்கீலாக முதல்முறை ஜெயிலுக்குப் போய்வந்ததையும், அன்று ராத்திரி உனக்குச் சாப்பாடு இறங்காததையும் எழுதியிருந்தாய். "தப்புப் பண்ணினவங்களுக்காக நான் ஏன் அலையணும்?" என்றும் கேட்டிருந்தாய். நான் பண்ணின தப்பு ஒன்றைச் சொல்கிறேன், கேள்.

பங்கிலிருந்து பெண்கள் சிறைக்குப் போகத் தொடங்கிய புதிது. அங்கே வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தி. நகை காணோம் என்ற புகாரில் பிடித்துவந்திருந்தார்கள். சனிக்கிழமைதோறும் பிஸ்கட்டும் சோப்பும் கொண்டுபோவேன். சேர்ந்து செபிப்போம், அவள் அழுவாள், தேற்றிவிட்டு வருவேன். பதினோராவது சனிக்கிழமை நாலாய் மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். மடிப்பெல்லாம் நைந்து துணி மாதிரி ஆகியிருந்தது. பிரித்தால், ஜாமீன் உத்தரவு! நான் அவளை முதன்முதல் பார்த்த அதே வாரம் போட்டது. ரெண்டு ஜாமீன்தாரர் வேண்டும். வீட்டு வரி ரசீதோடு வந்து கையெழுத்துப் போட அவளுக்கு நாதியில்லை. "செபம் பண்ண வர்றவங்ககிட்ட இதை எப்படிம்மா கேக்குறது?" என்றாள்.

சிறையில் இருப்பவரைத் தேடிப் போகிறவர் தன்னையே தேடி வருகிறார் என்று ஆண்டவர் சொன்னதைச் சின்ன வயசிலிருந்து கேட்டவள் நான். போனதே போதும் என்று இருந்துவிட்டேன்.

2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நீ பார்க்கிற நாலு பேரில் மூணு பேரைக் குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் சொல்லவில்லை, ஜெசி.

சரி, அந்த நாலாவது ஆள்? 1981-இல் தன்னைச் சுட்ட அலி ஆக்ஜாவை, 1983-இல் ரோமின் ரெபிபியா சிறைக்கே போய்ப் பார்த்தார் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். சுட்டவனை மன்னித்தார். ஆனால் அவன் இத்தாலியச் சிறையை விட்டு வெளியேறியது 2000-இல்தான். மன்னிப்பு வேறு, தண்டனை வேறு. தண்டனை பெற்றவனும் மனிதனே என்பதுதான் நம் திருஅவையின் பிடி. 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி நூலையே திருத்தி, மரண தண்டனையை ஏற்கவே முடியாது என்று எழுதவைத்ததும் அதனால்தான். அதற்காக, ஆளைப் பறிகொடுத்த வீட்டை மறந்துவிடாதே. கொலையுண்டவனின் தாயும் நம்மோடு பூசைக்கு வருகிறவள்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியாத வக்கீலாக நீ ஆகிவிடக் கூடாது.

நம்ம பக்கத்து விரகாலூரில் பிறந்த ஸ்டான் சுவாமி அடிகளாரை உனக்குத் தெரியும். நக்சலைட் என்று பிடிக்கப்பட்டு, ஜார்க்கண்ட் சிறைகளில் வருஷக்கணக்காகக் கிடந்த ஆதிவாசி இளைஞர்களின் வழக்குகளைத் தேடித் தொகுத்தவர். 2020 அக்டோபரில், 83 வயதில், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் (ஊபா) அவரே கைதானார். பார்க்கின்சன் நோயில் கை நடுங்கும். டம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சுகுழல் கேட்டுக் கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. அதற்குப் பதில் சொல்ல எதிர்த்தரப்பு கேட்டது 20 நாள். 2021 ஜூலை 5 அன்று ஜாமீன் வராமலே, வழக்கு விசாரணை தொடங்காமலே, மும்பை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். யாருக்காகக் கணக்கெடுத்தாரோ, கடைசியில் அவர்கள் கணக்கிலேயே சேர்ந்துபோனார்.

உன் கையில் இப்போது சட்டம் இருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் அமையாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கலாம். இது 2023-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவையும் மனப்பாடமாக வைத்துக்கொள்: இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், உச்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் விடச் சொல்லிக் கேட்கலாம், தூக்கு, ஆயுள் வழக்குகளுக்கு இது பொருந்தாது.

அந்தப் பெண்ணுக்கு நானும் எதிர்வீட்டு மாஸ்டரும்தான் கையெழுத்துப் போட்டோம். வேலை அரை நாளில் முடிந்தது. பதினோரு வாரத்தை யார் திருப்பித் தருவது?

அடுத்த முறை போகும்போது பிஸ்கட் வாங்கிக்கொண்டு போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. உட்கார்ந்ததும், "உங்ககிட்ட என்ன தாள் இருக்கு, காட்டுங்க" என்று கேள். செபம் அதற்கப்புறம்.

உன் அத்தை,
ஆரோக்கியம்