தையல் துணி வாங்கச் சில யோசனைகள்

வீட்டிலேயே சட்டையும் பாவாடையும் தைத்துக்கொள்ள விரும்புவோர், ஆயத்த உடைகளுக்கே பிரதான ஸ்தானம் அளிக்கும் பெருங்கடைகளில் அலைவதைக் காட்டிலும், சென்னை ஜார்ஜ் டவுனிலுள்ள கோடவுன் தெருவுக்கோ, ஈரோட்டில் திங்கட்கிழமை இரவு கூடிச் செவ்வாயன்றும் நீடிக்கும் ஜவுளிச் சந்தைக்கோ ஒருமுறை போய்வருவது உசிதம். அங்கே மொத்த வியாபாரமே முக்கியமாகையால், ஒரு மீட்டர் மட்டும் கேட்பவரைச் சிலர் பொருட்படுத்தமாட்டார்கள். உறவினர் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கினால் சௌகரியம். கைத்தறியில் பிரியமுள்ளவர்களுக்கு 1935-இல் ஸ்தாபிக்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது.

விலை பேசுமுன் அகலத்தைக் கேளுங்கள். 36 அங்குலத் துணி மலிவாகத் தோன்றினும், 58 அங்குலத் துணியோடு ஒப்பிட்டால் அதே பரப்புக்கு ஒன்றரை மடங்குக்கும் அதிகமான நீளம் வேண்டியிருக்குமாதலால், லாபம் எந்தப் பக்கம் என்பது கணக்குப் போட்டால்தான் விளங்கும்.

சுத்தப் பருத்தியென்று கடைக்காரர் சத்தியமே செய்தாலும், மாதிரித் துண்டொன்று வாங்கிவந்து, அதிலிருந்து இரண்டு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு மிருதுவான சாம்பலாகும், பாலியெஸ்டரோ உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். சாயத்தைப் பரீட்சிக்க, நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்தாலே போதும்.

மின்விளக்கின் கீழ்க் கறுப்பும் கருநீலமும் ஒன்றாகத் தெரிவது ஜவுளிக்கடைகளின் புராதன மாயையாகையால், துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. கட்பீஸ்களை முழுவதும் விரித்துக் கறையும் ஓட்டையும் தேடுங்கள். பருத்தி சுருங்குமாதலால் சற்றுக் கூடுதலாகவே வாங்கி, நனைத்து உலர்த்திய பிறகே கத்தரிக்கோலை எடுக்கவும்.