கோட்டாவின் கணக்கில் எவ்வளவு?

2022 ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மாலைத்தீவு வழியாகச் சிங்கப்பூர் போய், அங்கிருந்தே பதவி விலகல் கடிதத்தை அனுப்பினார். இலங்கையின் பொருளாதார வீழ்ச்சியைப் பற்றி அன்றிலிருந்து இரண்டு கதைகள் உலவுகின்றன. எல்லாம் அந்த ஒருவரின் வேலை என்பது ஒன்று. கொரோனாவும் சீனாவும் கவிழ்த்தன, பாவம் அவர் என்ன செய்வார் என்பது இன்னொன்று. கணக்கைப் புரட்டினால் இரண்டுமே நிற்காது.

கடன் அவர் வாங்கியது என்பது முதல் நம்பிக்கை. சர்வதேசச் சந்தையில் இலங்கை முதன்முதலாகப் பிணைமுறி விற்றது 2007இல், அவருடைய அண்ணன் மகிந்த ஜனாதிபதியாக இருந்த காலத்தில். 50 கோடி டாலர். அடுத்து வந்தவர்களுக்கும் அந்த ருசி விடவில்லை. 2019இன் முதல் பாதியில் மட்டும் ஜனாதிபதி மைத்திரி–பிரதமர் ரணில் அரசு 440 கோடி டாலருக்கு விற்றது. கோட்டாபய வந்தபின் அப்படி ஒரு பிணைமுறிகூடப் புதிதாக விற்கப்படவில்லை.

சீனக் கடன்பொறி என்பதும் பாதி உண்மைதான். வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு, எப்படிக் கணக்கிட்டாலும், ஐந்தில் ஒன்றை ஒட்டியோ அதற்குக் கீழோதான் வருகிறது. பிணைமுறிக்காரர்களின் பங்கு அதைவிடப் பெரிது.

அப்படியானால் அவர் குற்றமற்றவரா? அவர் கையாலேயே நடந்த காரியங்கள் இருக்கின்றன. ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே, 2019 டிசம்பரில், பெறுமதி சேர் வரி (வற்) 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் விற்பனை இருந்தாலே கட்டவேண்டிய அந்த வரியை, இனி 30 கோடி விற்பவர் கட்டினால் போதும் என்றானது. நாட்டின் உற்பத்தியில் 11.6 சதவீதமாக இருந்த வரி வருவாய் அடுத்த ஆண்டே 8.1க்கு இறங்கியது. தேர்தலுக்கு முன்பே அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர இப்படி ஆகும் என்று எச்சரித்திருந்தார். கொரோனா வந்து சுற்றுலா படுத்தபோதாவது சலுகையைத் திரும்பப் பெற்றிருக்கலாம். பெறவில்லை. தரமதிப்பீடு சரிந்து, கடன் சந்தையின் கதவு மூடியது.

ரூபாயின் கதை இன்னும் மோசம். வங்கியில் ஒரு டாலருக்கு 203 ரூபாய் என்று பிடித்துவைத்தார்கள். வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல்காரர் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார். வளைகுடாவில் உழைப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 2020இல் 710 கோடி டாலராக இருந்த வெளிநாட்டுப் பணவரவு மறு ஆண்டு 550 கோடியாகக் குறைந்தது. கையிருப்பு கரைந்துகொண்டிருந்த 2022 ஜனவரியிலும் மத்திய வங்கி 50 கோடி டாலர் பிணைமுறி ஒன்றை அடைத்துவிட்டுப் பெருமைப்பட்டது. இரண்டு மாதத்தில், அச்சிடக் காகிதம் வாங்க டாலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகள் தள்ளிப்போயின. சர்வதேச நாணய நிதியத்தின் கதவைத் தட்டும் முடிவும் அப்போதுதான் வந்தது.

இரசாயன உரத் தடைதான் நாட்டை விழுத்தியது என்பார்கள். 2021 மே மாதம் வந்த அந்தத் தடை நெல்லையும் தேயிலையையும் அடித்தது மெய். ஆனால் டாலர் தட்டுப்பாடு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 4–1 என்ற பெரும்பான்மையில், கோட்டாபய, அவருடைய சகோதரர்கள் மகிந்த, பசில் ஆகியோரையும் மத்திய வங்கி, திறைசேரியின் முன்னாள் தலைமைகளையும் மக்கள் நம்பிக்கையை மீறியவர்கள் என்றது. வழக்குச் செலவாக மனுதாரர்களுக்குத் தலா 1,50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது; இழப்பீடு எதுவும் விதிக்கவில்லை. ஒருகாலத்தில் 8க்கு இறக்கப்பட்ட வற், அடுத்த ஜனவரியில் 18 சதவீதமானது.