பல் எடுத்த பின் வரும் வீக்கமும் மரத்துப்போதலும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கிவிடும் என்ற அச்சம், தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே, விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற தேனி மாவட்ட ஓடைப்பட்டி வட்டாரத்திலும் சொத்தைப் பல்லோடு பல மாதங்களைக் கழிக்கச் செய்யும் அளவுக்கு வலுவானது. மேற்பற்களின் உணர்வை மூளைக்குக் கொண்டுசெல்வது, முகத்தில் மூன்றாகப் பிரியும் முக்கிளை நரம்பின் நடுக்கிளையாகும். காட்சியைக் கொண்டுசெல்வதோ விழியின் பின்புறத்திலிருந்து புறப்படும் பார்வை நரம்பாகும். ஆகவே பல்லை எடுப்பதால் பார்வை போவதற்கு வழியில்லை. எனினும் அந்த நடுக்கிளையின் ஒரு பிரிவு கண்ணுக்குக் கீழே உள்ள தோலுக்கும் செல்வதாலும், மேல்தாடை வீக்கம் சில வேளைகளில் கீழிமை வரை ஏறுவதாலும், பல் விழும் வயதும் பார்வை மங்கும் வயதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதாலும் இந்த நம்பிக்கை நிலைத்திருக்கலாம்.

உண்மையில் கவனம் தேவைப்படும் நரம்புகள் கீழ்த்தாடையில் உள்ளன. கடைசியாக முளைக்கும் ஞானப்பல்லின் வேர்களுக்கு மிக அருகே, எலும்புக்குள் அமைந்த குழாய் ஒன்றின் வழியாகச் செல்லும் நரம்பு கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வளிக்கிறது. ஈறின் உட்புறத்தை ஒட்டிச் செல்லும் மற்றொன்று நாக்குக்குரியது. எலும்பைச் செதுக்கிப் பல்லை எடுக்கும்போது இவை அழுந்தினாலோ இழுபட்டாலோ, மரப்பூசியின் வேகம் அடங்கிய பின்னும் உதடோ நாக்கோ மரத்தே இருப்பதுண்டு. இதைப் பக்கவாதத்தின் தொடக்கம் என்று அஞ்சுவது தவறு. தொடுவுணர்வு குறைந்தாலும் உதடு அசையும், வாய் கோணாது. 1943ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் செடன் என்ற அறுவை மருத்துவர் நரம்புக் காயங்களை மூன்று நிலைகளாக வகுத்தார்: நரம்பு அறுபடாமல் கடத்துதிறன் மட்டும் தடைபடுவது, உள்ளிழை அறுந்து உறை எஞ்சுவது, நரம்பே துண்டாவது. முதல் நிலை சில வாரங்களில் சரியாகிவிடும். இரண்டாம் நிலையில் இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் வளர வேண்டியிருப்பதால் மாதக்கணக்கில் ஆகும். நிலையான மரத்துப்போதல் அரிது. மரத்த இடத்தில் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்போ சுருக்கென்ற கூச்சமோ தோன்றினால் நோய் முற்றுகிறது என்று பலர் கலங்குகின்றனர். அது பெரும்பாலும் நரம்பு மீளத் தொடங்கியதன் அறிகுறியாகும்.

வீக்கம் என்றாலே சீழ் என்ற எண்ணமும் அதே வகையினது. காயத்தை ஆற்றுவதற்காக நீரும் வெள்ளணுக்களும் திசுக்களில் கூடுவதே வீக்கம். அது இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சமடைந்து, ஒரு வாரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். முதல் நாளிலேயே தவிட்டு ஒத்தடமோ வெந்நீர் ஒத்தடமோ கொடுத்தால் இரத்த ஓட்டம் கூடி வீக்கம் பெருகும். முதல் நாள் துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கன்னத்தில் இருபது நிமிடம் வைத்து, இருபது நிமிடம் எடுப்பதே பொருத்தம். இளஞ்சூட்டு ஒத்தடம் இரண்டு நாள் கழிந்த பிறகே உதவும், அதுவும் மரத்த தோலில் சூடு தெரியாது என்பதால் பிறர் கையால் சோதித்த பின்பே கொடுக்கத்தக்கது. பல்குழியில் உறைந்த இரத்தமே அதற்கு மூடி. உடனே உப்புநீர் கொப்பளிப்பது, ஓயாமல் துப்புவது, உறிஞ்சிக் குடிப்பது, புகைப்பது ஆகியவை அந்த உறைவைப் பெயர்த்துவிட்டால், இரண்டு நாள் கழித்துக் காதுவரை பாயும் வலி தொடங்கும். உப்புநீரை மறுநாள் முதல் மென்மையாகப் பயன்படுத்தலாம். வலிக்கு இதமென்று புகையிலையை அடக்கிக்கொள்வதும் கிராம்புத் தைலத்தைக் குழிக்குள் தாமாக ஊற்றுவதும் திசுவைப் புண்ணாக்கும்.

பாலும் தயிரும் பருப்பும் சீழ் வைக்கும் என்ற பத்தியத்திற்கும் ஆதாரமில்லை. ஆறும் காயத்திற்குப் புரதம் வேண்டியிருக்க, குழைந்த தயிர்சாதத்தை விலக்குவது நோயாளியைப் பட்டினி போடுவதாகவே முடியும். திராட்சைத் தோட்ட வேலைக்குச் செல்வோர் சில நாள்களுக்குப் பெட்டி சுமப்பதையும் குனிந்து வேலை செய்வதையும் தவிர்ப்பது நல்லது. பாரம் தூக்கும்போது ஏறும் இரத்த அழுத்தம் நின்ற கசிவை மீண்டும் தொடங்கச் செய்யலாம்.

மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறுவது, காய்ச்சல், வாய் திறக்க இயலாமை ஆகியவை தோன்றினால் பல் மருத்துவரிடம் திரும்பச் செல்ல வேண்டும். உதடு மரத்தே இருந்தால் மறுபரிசோதனை நாளில் அதைச் சொல்ல வேண்டும். தாமாக வாங்கி விழுங்கும் சத்து மாத்திரை அதற்கு மாற்றாகாது. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாகி, தாடையின் அடிப்பகுதி கல்லாக இறுகினால், 1836இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்த உயிராபத்தான தொற்றாக அது இருக்கக்கூடும். அந்நிலையில் விடியும்வரை காத்திராமல் 108ஐ அழைத்து, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.