ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு நாள்

சென்ற மாதங்களில் பங்குத்தொகை, கடன் தவணை, தணிக்கைக் குறிப்பு ஆகியவற்றைப் பற்றிப் படித்தோம். இம்மாதப் பாடம் பிரயாணத்தைப் பற்றியது. இது சங்கப் பத்திரிகைக்கு உரிய விஷயந்தானா என்று சிலர் வினவக்கூடும். நெசவாளரும் குடியானவரும் தங்கள் கைப்பணத்தைச் சேர்த்து ஆண்டுக்கொரு முறை எங்கேனும் போய் வருகிறார்கள். அப்பணம் எங்கே போகிறது, என்ன கொண்டு வருகிறது என்று கேட்பதும் தணிக்கையின் ஒரு பகுதியே என்பது என் எண்ணம்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன், இவ்வுத்தியோகத்திற்கு வந்த புதிதில், ஒரு நெசவாளர் சங்கத்தாரை இரண்டு நாட் பிரயாணமாக அழைத்துச் சென்றேன். திட்டம் வகுத்தவன் நானே. இரண்டு நாளில் ஏழு ஊர்கள். கொடுக்கும் காசுக்கு எத்தனை ஊர் அதிகமோ அத்தனை லாபம் என்று அக்காலத்தில் நினைத்திருந்தேன். விடியுமுன் பஸ் ஏறினோம். ஓர் ஊரில் முக்கால் மணி, மற்றோர் ஊரில் அரை மணி. நடை சாத்தும் நேரத்தில் ஓடி, பிராகாரம் சுற்றாமலே திரும்பி, மறுபடி பஸ்ஸில் அமர்ந்தோம். இரவு பத்து மணிக்கு நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் ஆறிப்போன பரோட்டா. திரும்பும் வழியில் தறி வேலை செய்யும் ஒரு பெரிய அம்மாள் சொன்னார்: "இன்ஸ்பெக்டர் தம்பி, ஏழு ஊர் பார்த்தோம். எந்த ஊரில் எந்தச் சாமி என்று என் பேத்தி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பஸ் ஜன்னல் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. ஊர் திரும்பி வரவுசெலவு எழுத உட்கார்ந்தபோது இன்னொன்றும் விளங்கிற்று. பஸ் வாடகை, டீசல், சுங்கச்சாவடி, நெடுஞ்சாலை ஓட்டல்: பெருந்தொகை இந்த நான்கிலேயே அடங்கிவிட்டது. நாங்கள் கண்ட ஏழு ஊர்களில் எங்கள் பணம் தங்கியது எவ்வளவு என்று பார்த்தால், செருப்புப் பாதுகாப்புக்கும் வண்டி நிறுத்தவும் கொடுத்த சில்லறைதான். அவ்வூர்களின் தறிகாரர் ஒருவரையும் நாங்கள் சந்திக்கவில்லை. அங்கு விளைந்த ஒரு பொருளையும் வாங்கவில்லை. கைத்தொழிலால் பிழைக்கும் நாமே பிறருடைய கைத்தொழிலை இப்படித் தாண்டிப் போனோம்.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. இத்தாலி தேசத்தில் மலைமேல் அமைந்த பழைய ஊர்கள் பல உண்டு. பஸ்களில் வந்து இறங்கி, படம் பிடித்து, ஒரு மணி நேரத்தில் போய்விடும் கூட்டத்தால் அவ்வூர்களும் துன்பப்பட்டன. ரோமாபுரிக்கு வடக்கே, ஃபுளோரன்ஸ் நகருக்குச் செல்லும் ரயில் மார்க்கத்தில், ஓர்வியேத்தோ என்று ஓர் ஊர். எரிமலைக் கல்லாலான செங்குத்துப் பாறையின் தட்டையான உச்சியில் ஊர் முழுதும் இருக்கிறது. ரயில் நிலையமோ அடிவாரத்தில். இரண்டையும் இணைக்க நமது பழனி விஞ்சைப் போன்ற ஓர் இழுவை வண்டியை 1888-இல் அமைத்தார்கள். தண்ணீரின் எடையைக் கொண்டே முதலில் அதை இயக்கினார்கள். இடையே நின்றுபோன அவ்வண்டி 1990 முதல் மின்சாரத்தால் ஓடுகிறது. ஆகவே ரயிலில் வருகிறவர் மோட்டார் இல்லாமலே மேலே போய்ச் சேரலாம்.

அவ்வூரில் நம் கரிசல் காட்டார் அவசியம் அறியவேண்டியது ஒரு கிணறு. 1527-இல் ரோமாபுரி சூறையாடப்பட்டபோது ஏழாம் கிளமெண்ட் என்னும் போப்பாண்டவர் ஓர்வியேத்தோவில் அடைக்கலம் புகுந்தார். முற்றுகை வந்தால் பாறை உச்சியில் தண்ணீருக்கு வழியில்லையே என்று அஞ்சி ஒரு கிணறு வெட்டச் செய்தார். பத்து ஆண்டு வேலை. 248 படிகள். கழுதைகள் இறங்குவதற்கு ஒரு சுருள் வழி, ஏறுவதற்கு மற்றொரு சுருள் வழி. தண்ணீர் சுமந்து ஏறும் கழுதை, வெறுமே இறங்கும் கழுதையை எதிர்ப்படாது. கமலை இறைத்த வம்சத்தில் வந்தவர்கள் இதன் அருமையை உடனே உணர்வார்கள். முக்கால் மணியில் ஓடுகிறவனுக்கு இது ஒரு பள்ளம். படியிறங்கி ஏறுகிறவனுக்கு ஓர் ஊரின் சரித்திரம்.

இந்த ஓர்வியேத்தோவும் கிரேவே, பிரா, பொசித்தானோ என்னும் மூன்று ஊர்களும் 1999-இல் கூடி ஒரு சங்கம் அமைத்தன. சித்தாஸ்லோ என்று அதற்குப் பெயர். நிதானமான ஊர் என்பது பொருள். நத்தை அதன் சின்னம். உள்ளூர் விளைபொருள், உள்ளூர்க் கைவேலை, குறைந்த வண்டி இரைச்சல், வந்தவரை ஆர அமர இருத்தி உபசரித்தல் ஆகியவை அதன் கொள்கைகள். 50,000 ஜனத்தொகைக்கு உட்பட்ட ஊர்களையே முழு அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஊர்களே கூடி அமைத்த சங்கமாதலால் நமக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை.

இத்தாலிக்குப் போகும்படி நான் யாருக்கும் சொல்லவில்லை. பாளையம்பட்டியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில், மேற்கு மலையின் அடியில், நமக்கென்றே ஒரு பழம்பதி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரைத்தான் சொல்கிறேன். அது மலைமேல் ஊரன்று, மலை அடிவாரத்து ஊர். ஜனத்தொகையும் மேற்சொன்ன வரம்புக்கு மேற்பட்டது. ஆதலால் நத்தைச் சங்கத்தில் அதற்கு இடமில்லை. அதனால் அதற்கொரு குறைவுமில்லை!

"அங்கேதான் பத்துத் தடவை போயிருக்கிறோமே" என்பீர்கள். போயிருக்கிறோம். கோபுரத்தைக் கண்டு, தாயாரைச் சேவித்து, பால்கோவாப் பொட்டலத்துடன் அடுத்த பஸ் பிடித்திருக்கிறோம். ஒரு சனிக்கிழமை காலை போய், இரவு தங்கி, ஞாயிறு மாலை திரும்புவது என்று வைத்துக்கொண்டால் என்னென்ன காணலாம் என்பதை, சென்ற ஆண்டு நானே அவ்வாறு போய் வந்த அனுபவத்தால் எழுதுகிறேன்.

போவதற்குத் தனி வண்டி வேண்டாம். அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர், அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இரண்டு பஸ் மாறினால் போதும். ரயில் பாதையும் அருப்புக்கோட்டை, விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று தொடர்ந்து செங்கோட்டைக்குப் போகிறது. வண்டி நேரம் நம் சௌகரியத்திற்கு ஒத்துவருமா என்று முன்கூட்டி விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆடிப்பூரத் தேரன்று போவது பக்திக்கு ஏற்றது. ஊரைப் படிப்பதற்கு ஏற்றதன்று. ஐப்பசி மழைக்குப் பின் தை மாதம் வரை உத்தமம்.

வடபத்ரசாயி கோவிலின் ராஜகோபுரம் பதினொரு நிலை, 192 அடி. அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆண்டாள் சந்நிதியில் நெசவாளர் கண்ணுக்கு உரிய வேறொன்று இருக்கிறது. தாயாரின் இடக்கையில் இருக்கும் கிளி. நாள்தோறும் பச்சை இலைகளால் புதிதாகக் கட்டப்படுவது அது. மாதுளம்பூ அதற்கு மூக்கு. ஒரு கிளியைக் கட்டி முடிக்கப் பல மணி நேரம் பிடிக்கிறது. மறுநாளைக்கு அது உதவாது. மறுநாள் வேறு கிளி. பரம்பரையாக இவ்வேலையைச் செய்து வருகிறார்கள். ஒரு நாள் ஆயுளுள்ள பொருளுக்கு இத்தனை சிரத்தை எடுக்கும் கைகளைப் பற்றி, சாயமும் பாவும் பிசகாமல் நெய்யும் நம் அங்கத்தினர்க்கு நான் விளக்க வேண்டுமா? அன்று மாலை அக்கிளியை நோக்கி நின்றபோது, முன்பு பலமுறை வந்தும் அதை நான் கவனித்ததேயில்லை என்பதை வெட்கத்துடன் உணர்ந்தேன்.

கோவிலுக்குள் கண்ணாடிக் கிணறு என்று ஒன்று உண்டு. பெருமாளுக்குரிய மாலையைச் சூடிய ஆண்டாள், தன் அழகை அக்கிணற்று நீரில் பார்த்தாள் என்பது ஐதிகம். அவள் சூடிய மாலை இன்றும் புரட்டாசிப் பிரம்மோற்சவத்திற்குத் திருப்பதிக்கும், சித்திரையில் கள்ளழகருக்கும் போகிறது. ஓர்வியேத்தோவின் கிணறு அச்சத்தால் வெட்டியது. இக்கிணற்றை ஊரார் ஒரு பெண்ணின் ஆசையோடு சேர்த்து நினைக்கிறார்கள். இரண்டு கோவில்களுக்கும் இடையே அவள் அவதரித்ததாகச் சொல்லும் துளசி நந்தவனம். அங்கே அரைமணி உட்கார்ந்திருப்பதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

ஞாயிறு விடியற்காலை மலையடிக்குப் போகலாம். செண்பகத்தோப்பு என்பது ஊருக்கு மேற்கே, மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடிந்து காடு தொடங்கும் இடம். சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-இல் இங்கே சரணாலயம் ஏற்பட்டது; 2021-இல் மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாயிற்று. ஆதலால் வன இலாகாவின் அனுமதியுள்ள இடத்தோடு நின்றுகொள்ள வேண்டும். இவ்வணில் தரையில் இறங்க விரும்பாது. கிளையோடு கிளை சேர்ந்த மரங்களின் மேலேயே போகும். நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் அதன் பாதை அறுந்துபோகும். நம் ஊர் வரப்பில் நின்ற புளியையும் வேம்பையும் ஒவ்வொன்றாக விற்றுவிட்ட குடியானவர்கள் அங்கே சற்று நேரம் அண்ணாந்து பார்ப்பது நல்லது. திருச்சுழியைத் தொட்டு ஓடும் நம் குண்டாறும், இதே மலைவரிசையில், இதற்கு வடக்கே உள்ள சரிவுகளில்தான் பிறக்கிறது. நம் கண்மாய்க்கு வராத தண்ணீரைப் பற்றிப் பேச்சு அங்கே தானாகவே எழும்.

இனி, கூட்டுறவாளருக்கு முக்கியமான விஷயம் பால்கோவா. பால் கறந்த சில மணி நேரத்தில் கெட்டுவிடும் பண்டம். வாங்குவார் இல்லையென்றால் கறந்தவனுக்கு நஷ்டம். அதே பாலைச் சர்க்கரையுடன் அகன்ற வாணலியில் இட்டு, அடிப்பிடிக்காமல் கிளறிக் கிளறி நீரை வற்றச் செய்தால் சில நாள் தாங்கும்; வெளியூருக்கும் போகும். பசும்பாலும் சர்க்கரையும் கைப்பக்குவமும், வேறு கலப்பில்லை. தனியார் கடைகள் பல இருப்பினும், இத்தொழிலில் அவ்வூர்ப் பால் உற்பத்தியாளரின் கூட்டுறவுச் சங்கத்திற்கும் நெடுநாளைய பங்கு உண்டு. 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, வேறோர் ஊரில் செய்த சரக்கை அப்பெயரால் விற்பது சட்டப்படி தவறு. விற்காத சரக்குக்கு ஊரின் பெயரையே முதலாக்கிய கதை இது. கிடங்கில் சேலை தேங்கி நிற்கும் சங்கங்களின் நிர்வாகிகள் இதைக் குறிப்பெடுத்துக்கொள்வார்களாக. அவகாசமிருந்தால், அப்பக்கத்தில் கைத்தறிக்குப் பெயர்போன சுந்தரபாண்டியத்திற்கும் போய், அவர்கள் பாவு ஓடும் முறையை நம் முறையுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தறிகாரருக்குத் தறிகாரர் சொல்லிக்கொள்ளும் விஷயங்கள் எந்த இன்ஸ்பெக்டரின் பாடத்திலும் அடங்கா.

செலவை உதாரணமாகக் கணக்கிடுவோம். இருபது பேர் தலைக்கு 1,200 ரூபாய் போட்டால் 24,000 ரூபாய். தனி பஸ் அமர்த்தினால் பெரும்பகுதி வாடகைக்கே சரி. பொது வண்டியில் போனால் அதில் ஒரு சிறு பங்கே பயணத்திற்கு ஆகும். மீதி அவ்வூர் விடுதிக்காரர், மெஸ் நடத்தும் அம்மாள், பூக்காரர், பால்காரர், நெசவாளர் கைக்குப் போய்ச் சேரும். தொகை ஒன்றே, சேரும் இடம் வேறு.

இதை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் பக்கத்துத் திருச்சுழி, ரமண மகரிஷி 1879-இல் அவதரித்த ஊர். அவர் பிறந்த இல்லத்தையும் திருமேனிநாதர் கோவிலையும் தரிசிக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வந்தவர்கள் வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். பாளையம்பட்டியில் தறி ஓடுகிறது என்பதோ, அருப்புக்கோட்டைப் பக்கம் மல்லிகை விளைகிறது என்பதோ அவர்களுக்குத் தெரியாது. அன்று ஏழு ஊர்களுக்கு நான் செய்ததைத்தான் அவர்கள் நமக்குச் செய்கிறார்கள். அவர்களை ஒரு நாள் இருத்த நம்மிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது? தங்க ஓர் அறை, கம்பங்கூழோ குதிரைவாலிச் சோறோ கிடைக்கும் ஒரு சாப்பாட்டுக் கடை, தறியைக் காட்டி விளக்க ஓர் ஆள், நியாய விலையில் நாலு சேலை: இவற்றில் எது இருக்கிறது, எது இல்லை? ஸ்ரீவில்லிபுத்தூரில் விருந்தாளியாக இரண்டு நாள் இருந்து பார்த்தால், நம் ஊரில் விருந்தாளிக்கு என்ன குறை என்பது புலப்படும். இக்கேள்வியை அடுத்த பொதுக்குழுவில் யாரேனும் எழுப்ப வேண்டுமென்பது என் விருப்பம்.

கார்த்திகை மாதத்து முதற் சனிக்கிழமை புறப்படலாம் என்று உத்தேசம். இருபது பேருக்கு மேல் வேண்டாம். வயதானவர்கள் தாராளமாக வரலாம். நடை அதிகமில்லை, அவசரமும் இல்லை. ஒவ்வொருவரும் தண்ணீர்ப் பாத்திரமும், நம் தறியில் நெய்த துணிப்பை ஒன்றும் கொண்டு வரவேண்டும். ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் தடை இருக்கிறது. தடை இல்லாவிடினும், நெசவாளர் பிளாஸ்டிக் பையுடன் ஊர் சுற்றுவது பார்க்கச் சகிக்காது. பெயர் கொடுப்போர் ஐப்பசி முடிவதற்குள் சங்கக் காரியதரிசியிடம் கொடுக்கவும். முன்பு என்னோடு ஏழு ஊர் வந்த அந்த அம்மாளிடம் தகவல் சொல்லியாயிற்று. "ஒரே ஊர்தானே? அப்படியானால் பேத்தியையும் கூட்டி வருகிறேன்" என்றார்.