கலவன் எடுக்காத விதைநெல்

நான் ஈய எழுத்தில் தொழில் தொடங்கியவன். கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்து, பிறகு புரூஃப் ரீடர் ஆனேன். ஒரு புத்தகம் எப்படிச் சாகிறது என்பதை அங்கேதான் கிட்டத்தில் பார்த்தேன். ஒரு ஃபாரம், அதாவது பதினாறு பக்கம், அச்சாகி முடிந்ததும், கோத்த எழுத்தையெல்லாம் கலைத்து அந்தந்தக் குழியில் போட்டுவிடுவோம். அடுத்த ஃபாரம் கோக்க எழுத்து வேண்டுமே! ஆகவே இரண்டாம் பதிப்பு என்றால் முதல் வரியிலிருந்து மறுபடி கோக்க வேண்டும். ஆயிரம் பிரதி விற்கவே ஐந்தாறு வருஷம் இழுத்த புத்தகத்துக்கு அந்தச் செலவை யார் செய்வார்? முதல் பதிப்பே கடைசிப் பதிப்பாகிப் போனவை எத்தனையோ.

ஓய்வு பெற்ற பிறகு பேரன் ஒரு மடிக்கணினியை முன்னால் வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து பழைய புத்தகங்களை மின்னூலாக்கிக்கொண்டிருக்கிறேன். "தாத்தா வீட்டுப் பரண்ல பழைய புத்தகமா கெடக்கு ஐயா, என்ன பண்ணலாம்?" என்று பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. நம் ஊர்ப் புத்தகத்தில் தொடங்குங்கள்

நம் காவிரிக்கரை அச்சுக்குப் பழகிய மண். தரங்கம்பாடியில் 1713-இலேயே தமிழ் அச்சேறியது. முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை, மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்தைத் தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டார். இந்த மாதிரிப் பெயர் பெற்ற நூல்களை யாராவது காப்பாற்றிவிடுவார்கள். கும்பாபிஷேக மலர், சிற்றூர்த் தலவரலாறு, பள்ளிக்கூட ஆண்டு மலர், உழவர் கையேடு, உள்ளூர்ப் புலவர் பாடிய பிள்ளைத்தமிழ் ஆகியவற்றை உங்களைத் தவிர வேறு யாரும் தேடி வரமாட்டார்கள். ஒரே பிரதி ஒரே வீட்டில் இருக்கும். அந்த வீட்டை இடித்துக் கட்டும்போது அதுவும் போகும்.

2. ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்

சுவிட்சர்லாந்தில் இருந்தபடி கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்காக 2005-இல் எழுந்த நூலகம் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், விக்கிமூலம் எல்லாவற்றிலும் தேடுங்கள். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தின் அட்டவணையையும் பாருங்கள். பழைய பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி நிறுத்திவிடாதீர்கள். சரித்திரம், சரித்ரம், சரிதம் என்று மூன்று விதமாகவும் தட்டிப் பாருங்கள். நட்ட வயலிலேயே மறுபடி நடுவது வீண் கூலி.

3. பதிப்பு நின்றால் உரிமை நின்றது என்று அர்த்தமில்லை

புதிதாக வருகிறவர்கள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை அவர் வாரிசுகளுக்கு. கு.ப. ராஜகோபாலன் 1944-இல் காலமானார். அவர் எழுத்து எல்லாருக்கும் பொது. ந. பிச்சமூர்த்தி 1976-இல் மறைந்தார். 2036 முடியும்வரை காத்திருக்க வேண்டும். தி. ஜானகிராமன் 1982, கணக்கு 2042 வரை போகிறது. இவர்கள் மூவரும் நம் காவிரிக்கரைக்காரர்கள்தான் என்பதற்காகச் சட்டம் நமக்குச் சலுகை தராது.

இன்னொரு வாசல் நாட்டுடைமை. பாரதியில் 1949-இல் தொடங்கிய வழக்கம் அது. அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்துவிட்டு, நூல்களை மக்களுக்குப் பொதுவாக்கிவிடுகிறது. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் தைரியமாகத் தொடங்கலாம். அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள்: ஆசிரியர் ஒருவர், முன்னுரை எழுதியவர் வேறொருவர், படம் போட்டவர் மூன்றாமவர். மொழிபெயர்ப்பென்றால் மொழிபெயர்த்தவருக்கும் தனி உரிமை உண்டு. நால்வரின் கணக்கையும் தனித்தனியே போட வேண்டும்.

4. கேட்கத் தெரிந்துகொள்ளுங்கள்

1880-இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்த உ.வே. சாமிநாதையரிடம், அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாக 1887-இல் சிந்தாமணியின் அச்சுப் பதிப்பு வந்தது. இடையில் ஏழு ஆண்டு. ஐயர் பாடங்களை ஒப்பிட்டது பாதி நேரம் என்றால், மீதி நேரம் வீடு வீடாக ஏறி ஏடு கேட்டதுதான். நாம் ஏட்டுக்குப் பதில் புத்தகம் கேட்கிறோம். மற்றபடி வேலை அதேதான்.

திருவையாற்றுப் பக்கம் ஓர் அம்மாள், மாமனார் எழுதிய சிறு நூலை வாசற்படி தாண்ட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. மூன்று நாள் பிற்பகலில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே படமெடுத்தேன். மூன்றாம் நாள் காபியோடு, மாமனாரின் கையெழுத்துத் திருத்தங்கள் இருந்த இன்னொரு பிரதியும் வந்தது. வாங்கிய புத்தகத்தைச் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுங்கள். கொடுத்தவர் சம்மதித்தால் அவர் பெயரை மின்னூலின் முதல் பக்கத்தில் போடுங்கள்.

5. படமெடுக்கும்போது அவசரம் வேண்டாம்

பழைய மரக்கூழ்த் தாள் அமிலம் ஏறி அப்பளமாகியிருக்கும். முதுகை ஒடித்து விரிக்காதீர்கள். பாதி திறந்து, இரண்டு பக்கமும் தாங்கல் கொடுங்கள். இராமபாணப் பூச்சி துளைத்த தாளை ஊதக்கூடாது. மெல்லிய தூரிகையால் தள்ளுங்கள். ஸ்கேனர் இருந்தால் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையக்கூடாது. கைப்பேசிதான் இருக்கிறதென்றால் நேர் மேலிருந்து, நிழல் விழாத பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை வேண்டாம். டெல்டா ஈரத்தில் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் எழுத்து பாதி இங்கே, பாதி அங்கே.

6. ஃபாரம் எண்ணுங்கள்

அந்தக் காலப் புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத் தைத்தது. ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்து அடியிலும் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். பக்க எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. இந்த எண்ணையும் வரிசையாகச் சரிபாருங்கள். பைண்டர் தூக்கத்தில் ஐந்தாம் ஃபாரத்தை இரண்டு முறை தைத்து ஆறாவதை விட்டிருப்பார். குறை இருந்தால் இன்னொரு பிரதி தேடுங்கள். கிடைக்காவிட்டால் "81 முதல் 96 வரை இல்லை" என்று எழுதிவையுங்கள். சொந்தச் சரக்கால் நிரப்பாதீர்கள்.

7. கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்

பிழைதிருத்தப் பட்டியல் அங்கேதான் இருக்கும். ஆசிரியரே தலையில் அடித்துக்கொண்டு போட்ட பட்டியல் அது. அதன்படி திருத்துங்கள், திருத்தியதைக் குறிப்பிடுங்கள்.

8. இயந்திரம் படித்ததை நீங்கள் படியுங்கள்

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் இன்று நன்றாகவே தமிழ் படிக்கிறது, புதிய புத்தகத்தை. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. ணா, றா, னா, லை, னை என்று பதின்மூன்று எழுத்துகள் உருமாறின. அதற்கு முன் அச்சான புத்தகத்தில் 'லை' யானைத் தும்பிக்கையோடு நிற்கும். 'றா' வளைந்து சுழித்திருக்கும். இயந்திரம் அங்கே தடுக்கி விழுகிறது. 'என்றான்' என்பது 'என்ருன்' ஆகும். 'ஆனால்' என்பது 'ஆனல்' ஆகும். தமிழ் எண்ணில் ௧௮௮௭ என்று இருந்தால் 'கஅஅஎ' என்று வந்து நிற்கும்.

இவையெல்லாம் கண்ணில் குத்துகிற பிழைகள், சுலபம். 'பேசினான்' என்பதை இயந்திரம் 'பேசினன்' என்று தரும். இரண்டும் இலக்கணப்படி சரியான தமிழ். பிழைதிருத்தி மென்பொருள் சிவப்புக் கோடு போடாது. ஆசிரியர் எதை எழுதினார் என்பது பக்கத்தின் படத்துக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே திரையில் இடப்பக்கம் படம், வலப்பக்கம் எழுத்து, வரி வரியாகப் பாருங்கள். அர்த்தம் புரியப் படித்தால் பிழை தப்பிவிடும். எழுத்துக் கூட்டிப் படித்தால்தான் அகப்படும்.

9. 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானைத் தொடாதீர்கள்

நான் தொட்டேன். பழைய நாவல் ஒன்றில் 'இல்லை' எல்லாம் 'இல்லே' என்று வந்திருந்தது. ஒரே தட்டில் அத்தனையையும் மாற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் படத்தோடு ஒப்பிட்டால், கதையில் வருகிற பாட்டி நிஜமாகவே "இல்லேடா" என்றுதான் பேசியிருக்கிறாள். தஞ்சாவூர்ப் பாட்டி வேறு எப்படிப் பேசுவாள்? ஓர் இரவில் அவளைப் பள்ளிக்கூட வாத்தியாராக்கிவிட்டேன். எழுபது இடத்தில் கையால் திரும்ப மாற்றினேன். வாழ்நாளெல்லாம் புரூஃப் பார்த்தவனுக்கே அந்தப் புத்தி அன்றைக்குத்தான் வந்தது.

10. எழுத்தை மாற்றலாம், சொல்லை மாற்றக்கூடாது

தும்பிக்கை 'லை'யைப் புதிய 'லை'யாகப் போடுவதில் தவறில்லை. ஆனால் அவர் 'ஸந்தோஷம்' என்று எழுதியிருந்தால் அது ஸந்தோஷம்தான். 'மகிழ்ச்சி' ஆக்க உங்களுக்கு உரிமையில்லை. இன்றைக்குக் கேட்டால் முகம் சுளிக்க வைக்கிற சொல்லும், சாதிப் பேச்சும் பழைய புத்தகத்தில் வரும். அதை நீக்கினால் நூறு வருஷத்துக்கு முந்தைய ஊரை வெள்ளையடித்து மறைக்கிறீர்கள். உங்கள் கருத்தை முன்குறிப்பில் எழுதுங்கள். மூலத்துக்குள் கை வைக்காதீர்கள்.

11. உங்கள் பக்கத்தை இன்னொருவரிடம் கொடுங்கள்

தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. விக்கிமூலத்தில் இதற்கு நல்ல ஏற்பாடு உண்டு: ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கம் மஞ்சள் நிறமாகும்; இரண்டாமவர் சரிபார்த்த பிறகுதான் பச்சை. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக 2000-க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களின் படங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. கை பழக அதைவிட நல்ல நாற்றங்கால் கிடையாது.

விதைக்கு விடுகிற வயலில் கலவன் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். உயரம் கூடியது, முன்னதாகப் பூத்தது என்று வேற்று ரகப் பயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிவார்கள். சாப்பாட்டு நெல்லில் ரெண்டு கலவன் இருந்தால் சோற்றில் தெரியாது. விதைநெல்லில் இருந்தால் அடுத்த போகத்தில் பெருகும். மின்னூல் விதைநெல். அதில் விட்ட பிழையைத்தான் நாளைக்கு ஆயிரம் பேர் நகலெடுப்பார்கள், மேற்கோள் காட்டுவார்கள், அதிலிருந்தே மறுபதிப்பும் போடுவார்கள்.

12. யூனிகோடில் வையுங்கள், மூன்று இடத்தில் வையுங்கள்

இருபது வருஷத்துக்கு முன் ஏதோ ஓர் எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இன்று திறந்தால் குப்பையாகத் தெரிகின்றன. யூனிகோடு எழுத்து, ஈபப், கூடவே படங்களின் பிடிஎஃப்; இவற்றின் பிரதியை மூன்று வெவ்வேறு இடங்களில் வையுங்கள். ஆசிரியர், ஆண்டு, பதிப்பு, அச்சகம், ஊர் ஐந்தையும் கோப்பிலேயே எழுதிவிடுங்கள். கைப்பேசிக்கு ஏற்ற பிரதி ஒன்றும் போடுங்கள். இன்றைய வாசகர் பேருந்தில்தான் படிக்கிறார்.

13. பூட்டி வைக்காதீர்கள்

திருத்துறைப்பூண்டி பக்கத்து 'நெல்' ஜெயராமன், மறைந்துபோன 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார். அவர் அவற்றைக் கண்ணாடிக் குடுவையில் போட்டுக் காட்சிக்கு வைக்கவில்லை. நெல் திருவிழாவில் ஓர் உழவருக்கு இரண்டு கிலோ விதை கொடுத்துவந்தார். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டியிருந்தது. மாப்பிள்ளைச் சம்பா இன்று கடையில் கிடைக்கிறதென்றால், அது கைமாறிக் கைமாறி வந்ததால்தான்.

உரிமை முடிந்த நூலை மின்னூலாக்கிவிட்டு, "என் பிரதி, என் கடவுச்சொல்" என்று வைத்துக்கொண்டால் அது பரண் மாற்றம், அவ்வளவுதான். பொதுவில் விடுங்கள். உங்கள் பெயரே இல்லாமல் யாரோ எடுத்துப் போடுவார்கள், வயிறு எரியும். எரியட்டும், புத்தகம் உயிரோடு இருக்கும்.

14. நாளைக்கு நான்கு பக்கம்

முதல் வாரம் நாற்பது பக்கம் பார்த்துவிட்டு இரண்டாம் வாரம் காணாமல் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நான்கு பக்கம் போதும், ஆனால் தினமும். அந்தக் கணக்கில் 200 பக்கப் புத்தகம் ஐம்பது நாளில் முடியும். குறுவை நட்டு அறுப்பதற்குள் இரண்டு புத்தகம்.